பெயரில் மருந்தும் உண்டு, அழகும் உண்டு: முன்பணம் கட்டலாமா?

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் ஒரு தாயார் எழுதிய நீண்ட கடிதம் இது. அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மூத்த மகளுக்கு வயது 20. பலதுறைத் தொழிற்கல்லூரியில் மருந்து அறிவியல் பட்டயப் படிப்பின் கடைசிப் பருவத்தில் இருக்கிறாள். மதிப்பெண் நன்றாகவே இருக்கிறது. கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளராக வேலை செய்யும் தந்தைக்கு மகள் மருந்தாளராக வேண்டும். மகளுக்கோ கிரீம், லோஷன், சன்ஸ்கிரீன் தயாரிக்கும் வேலைதான் வேண்டும். ஜோகூரில் வாங்கிய வெளுப்பு கிரீமைப் பூசிப் பூசிச் சித்தியின் முகம் திட்டுத் திட்டாகக் கறுத்ததைச் சிறுவயதில் பார்த்ததிலிருந்து அவளுக்கு இதே நினைப்பு. “லிப்ஸ்டிக் செய்வதற்கு ஒரு டிகிரியா?” என்று தந்தை கேட்க, ஓராண்டாக வீட்டில் சண்டை.

இந்த நேரத்தில் ஒரு கல்வி முகவர், பிரிட்டனில் ‘ஃபார்மசூட்டிக்கல் அண்ட் காஸ்மெட்டிக் சயன்ஸ்’ என்ற மூன்றாண்டுப் பட்டப்படிப்பைக் காட்டியிருக்கிறார். அப்பாவுக்கு மருந்து, மகளுக்கு அழகுசாதனம் என்று வீடு அமைதியாகிவிட்டது. இடமும் கிடைத்துவிட்டது. முன்பணம் கட்ட இன்னும் மூன்று வாரம். “இதுவும் ஃபார்மசி டிகிரிதான், பேர்தான் வேற. திரும்பி வந்ததும் இங்கே ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம்” என்று முகவர் வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கிறார். தங்கும் செலவோடு சேர்த்து 180,000 சிங்கப்பூர் வெள்ளி ஆகும் என்பது குடும்பத்தின் கணக்கு. அடுத்த ஆண்டு கணவருக்கு 55 வயதாகிறது. மத்திய சேம நிதியிலிருந்து எடுத்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமான என்யுஎஸ்ஸில் மருந்தாளர் படிப்பு, மருந்து அறிவியல் இரண்டுக்கும் மகள் விண்ணப்பித்திருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை. பணத்தைக் கட்டிவிடலாமா என்று கேட்கிறார் தாயார்.

கடிதத்தின் நடுவே பெருமையோடு இன்னொரு செய்தியும் வருகிறது. மகள் வீட்டிலேயே செய்யும் கற்றாழை மஞ்சள் கிரீம் இன்ஸ்டகிராமில் டப்பா 18 வெள்ளிக்குப் போகிறதாம். தீபாவளிக்கு மட்டும் 60 டப்பா. பின்குறிப்பில் ஒரு சின்னக் கேள்வி இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அன்புள்ள சகோதரி,

முன்பணத்தை இப்போதைக்குக் கட்டாதீர்கள். உங்களுக்கு மூன்று வாரம் இருக்கிறது. நான் கீழே சொல்வதைச் சரிபார்க்க மூன்று நாள் போதும்.

அந்தப் படிப்பு மட்டமானது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நல்ல படிப்பு. உங்கள் மகள் மட்டும் முடிவெடுப்பதாக இருந்தால் வேறு மாதிரிப் பேசியிருப்பேன். ஆனால் உங்கள் வீட்டில் சமாதானம் வந்தது அந்தப் பட்டத்தின் பெயரால். பெயரில் மருந்து என்ற சொல் இருக்கிறது. உங்கள் கணவர் கேட்கும் மருந்தாளர் அதற்குள் இல்லை. மூன்றாண்டு கழித்துச் சாங்கி விமான நிலையத்தில் பட்டத்தோடு வந்து இறங்கும் பெண்ணிடம் அவர் அதைத் தெரிந்துகொள்வதைவிட, இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

பட்டம் வேறு, பதிவேடு வேறு

சிங்கப்பூரில் மருந்தாளராக வேலை செய்ய, 2007ஆம் ஆண்டின் மருந்தாளர் பதிவுச் சட்டப்படி சிங்கப்பூர் மருந்தாளர் மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அதற்கு மன்றம் ஏற்றுக்கொள்ளும் மருந்தாளர் பட்டம் வேண்டும். பதிவுக்கு முந்தைய பணியிடப் பயிற்சி வேண்டும். தேர்வுகளில் தேற வேண்டும். முதல் படியே பட்டம்தான். ‘மருந்து’ என்ற சொல் உள்ள எந்தப் பட்டமும் அதற்குப் போதாது.

பிரிட்டனிலேயே இது எப்படி என்று பாருங்கள். அங்கே மருந்தாளராவதற்கான படிப்பின் பெயர் எம்ஃபார்ம். நான்கு ஆண்டு, அதன்பின் ஓராண்டுப் பயிற்சி, பிறகு தேர்வு, பிறகு பதிவு. உங்கள் மகளுக்குக் கிடைத்திருப்பது மூன்றாண்டு பிஎஸ்சி. லெஸ்டர் நகரத்தில் உள்ள டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டால், எம்ஃபார்மும் உண்டு, மருந்து மற்றும் அழகுசாதன அறிவியல் பிஎஸ்சியும் உண்டு. ஒரே பல்கலைக்கழகம்தான். ஆனால் பதிவேட்டை நோக்கிப் போகும் வழி எம்ஃபார்ம் மாணவருக்கு மட்டும்தான். அந்த நாட்டிலேயே பதிவு செய்ய முடியாத பட்டத்தை வைத்துக்கொண்டு இந்த நாட்டில் எப்படிப் பதிவு செய்ய முடியும்?

நம் ஊரிலும் இதே நிலைதான். என்யுஎஸ்ஸில் ஒரே துறைதான் மருந்தாளர் பட்டத்தையும் தருகிறது, மருந்து அறிவியல் பட்டத்தையும் தருகிறது. இரண்டாவதைப் படித்தவர் மருந்தாளராகப் பதிவு செய்ய முடியாது. உங்கள் மகள் இரண்டுக்கும் விண்ணப்பித்திருப்பதால் அவளுக்கு இது தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். தெரிந்தும் வீட்டில் சொல்லாமல் இருக்கிறாளா என்பதை நீங்கள்தான் பக்குவமாகக் கேட்க வேண்டும். வீடு அமைதியானதும் வாயைத் திறக்க அவளுக்குப் பயமாக இருந்திருக்கலாம். நானாக இருந்தாலும் திறந்திருக்க மாட்டேன்.

முகவர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கே வித்தியாசம் தெரியாமலும் இருக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இத்தகைய முகவர்களுக்குப் பெரும்பாலும் தரகுத் தொகை தருவது பல்கலைக்கழகம்தான். அதில் தப்பில்லை. வீடு வாங்கப் போகும்போது, கூரை ஒழுகுமா என்று விற்பவரின் ஏஜெண்டை மட்டுமா கேட்போம்? அவரிடம் ஒரே ஒரு வரி கேளுங்கள்: “இந்தப் பட்டம் சிங்கப்பூர் மருந்தாளர் மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா? இருந்தால் எந்த இடத்தில் என்று எழுதி அனுப்புங்கள்.” வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், எழுத்தில். கூடவே மன்றத்தின் இணையப் பக்கத்தில் பட்டியலை நீங்களே திறந்து பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, படிப்பின் பெயரும் இருக்க வேண்டும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

“முதலில் பிஎஸ்சியில் சேரட்டும், அங்கே போய் எம்ஃபார்முக்கு மாறிக்கொள்ளலாம்” என்றும் யாராவது சொல்வார்கள். மாறியவர்கள் இருக்கலாம். அது அந்தப் பல்கலைக்கழகத்தின் விருப்பம். உங்கள் உரிமை அல்ல. அதை நம்பி விமானச் சீட்டு எடுக்காதீர்கள்.

லிப்ஸ்டிக் செய்வதற்கு ஒரு டிகிரியா?

இந்தக் கேள்வி உங்கள் கணவருடையது என்பதால் பதிலையும் அவருக்கே சொல்கிறேன். ஐயா, வேண்டும்.

நான் மருந்தாளர் பட்டம் வாங்கியவள். மருத்துவமனை வார்டில் ஆறு ஆண்டு வேலை பார்த்துவிட்டு ஒரு கிரீம் தயாரிப்பு நிறுவனத்துக்குப் போனேன். நான் தனியாகச் செய்த முதல் லோஷன் இரண்டு வாரம் பட்டுப்போல இருந்தது. மூன்றாவது வாரம், மோர்க்குழம்பு திரிந்த மாதிரி, தண்ணீர் ஒரு பக்கம், எண்ணெய் ஒரு பக்கம். எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்து வைக்கும் எமல்சிஃபயரைத் தப்பாகத் தேர்ந்தெடுத்திருந்தேன். வேதியியல் படித்துவிட்டு வந்த, என்னைவிட ஆறு வயது இளைய பெண் ஒருத்திதான் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். மருந்தாளர் பட்டம் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

அழகுசாதன அறிவியலில் இருப்பது பெரும்பாலும் இயற்பியல் சார்ந்த வேதியியல், நுண்ணுயிரியல், நச்சியல், புள்ளியியல். கடையில் ‘கொலாஜன் கிரீம்’ என்று விற்கிறார்களே, கொலாஜன் மூலக்கூற்றின் எடை, டால்டன் என்ற அலகில், ஏறக்குறைய 300,000. தோலின் மேலடுக்கைத் தாண்டி உள்ளே போக வேண்டுமானால் 500 டால்டனுக்குள் இருப்பது நல்லது என்பது இந்தத் துறையில் எல்லாரும் கைக்கொள்ளும் கணக்கு. யானையை ஊசித் துளையில் நுழைப்பதாகச் சொல்லித்தான் விற்கிறார்கள். அது தோலின் மேலேயே நின்று ஈரத்தைக் காக்கும், அவ்வளவுதான். மறுபக்கம், முகப்பருவுக்கு மருத்துவர் எழுதித் தரும் டிரெட்டினோயின் 300 டால்டன். அது உள்ளே போகும். உள்ளே போய்த் தோலின் செயல்பாட்டையே மாற்றுவதால் அது மருந்து. அழகுசாதனத்தில் அதற்குத் தடை. எது எவ்வளவு தூரம் உள்ளே போகிறது, போய் என்ன செய்கிறது, எதற்கென்று சொல்லி விற்கிறோம் என்ற கேள்விகளில்தான் மருந்தும் அழகுசாதனமும் பிரிகின்றன. அந்தப் பட்டத்தின் பெயரில் இரண்டும் சேர்ந்திருப்பதும் அதனால்தான்.

உங்கள் தங்கையின் முகத்துக்கு வருவோம். கட்டுப்பாடில்லாத வெளுப்பு கிரீம்களில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், ஸ்டீராய்டு ஆகியவை திரும்பத் திரும்ப அகப்படுகின்றன. பாதரசம் நிறமி உருவாவதைத் தடுக்கும்; கூடவே சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஹைட்ரோகுவினோனைக் கண்காணிப்பின்றி நீண்ட நாள் பூசினால் வெளுப்புக்குப் பதில் நீலம் கலந்த கறுப்பு படியும், எளிதில் போகாது. இதைப் பார்த்து வளர்ந்த பெண் ‘நம் தோலுக்கு நல்லதாக ஒன்று செய்ய வேண்டும்’ என்று நினைப்பதை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டேன். துத்தநாக ஆக்சைடு சன்ஸ்கிரீனைப் பூசிக்கொண்டு விபூதி பூசிய மாதிரி வெளியே போன அனுபவம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது! நம் நிறத்தின்மேல் வெள்ளையாகத் தெரியாத சன்ஸ்கிரீன் செய்வது இன்றும் நல்ல மூளைக்கு வேலை வைக்கும் காரியம்.

உங்கள் மகளும் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும். இந்த வேலையின் பெரும்பகுதி காத்திருப்பது. ஒரு கிரீமைச் செய்ய அரை நாள் போதும். அதை 40 பாகை சூட்டுப் பெட்டியில் மூன்று மாதம் வைத்து, வாரந்தோறும் நிறம், மணம், பிசுபிசுப்பு, அமிலத்தன்மை குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். மருந்துகளுக்கு நம் வட்டாரத்தில் 30 பாகை வெப்பம், 75 விழுக்காடு ஈரப்பதம் என்று நீண்டகாலச் சோதனைக்கு அளவே வைத்திருக்கிறார்கள். ஐரோப்பியக் குளிருக்குச் செய்த கிரீம் ஈசூன் அலமாரியில் தாக்குப்பிடிக்காமல் போகலாம். வேலைச் சந்தையும் அவள் நினைப்பது மாதிரி இல்லை. பயோபொலிஸ் ஆய்வு வளாகத்தில் 2014இல் திறந்த பிஅண்ட்ஜி ஆய்வு நிலையம் போன்ற இடங்கள் உண்டு, ஆனால் அங்கே முனைவர் பட்டக்காரர்களோடு போட்டி. இங்கே அதிகம் இருப்பவை வட்டார அலுவலகங்கள்: எந்த நாட்டில் எந்தப் பொருளுக்குத் தடை, லேபிளில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று பார்க்கும் வேலை. நானும் இப்போது அதைத்தான் செய்கிறேன். கிரீமில் கை வைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. மருந்து அறிவியல் படித்தவர்களுக்குத் துவாஸ் மருந்து ஆலைகளும் இருக்கின்றன. சம்பளம் நன்றாக இருக்கும், பல வேலைகள் ஷிஃப்ட்.

ஒரு வழிப் பாதை

மருந்தாளர் கிரீம் செய்யப் போகலாம். கிரீம் படித்தவர், முதலிலிருந்து மறுபடி படித்தாலொழிய, மருந்தாளராக வர முடியாது. இதைக் கேட்டதும் உங்கள் கணவர் “நான் அப்போதே சொன்னேன்” என்பார். அவர் கையில் இந்த வாதத்தைக் கொடுக்கத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மையை மறைக்க முடியாது.

அதற்காக மனமில்லாத பெண்ணை மருந்தாளர் படிப்பில் தள்ளலாமா? நான் மாட்டேன். அந்த நான்கு ஆண்டில் பெரும்பகுதி நோயும் நோயாளியும்தான்: இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு எந்த வலி மாத்திரை ஆகாது, சிறுநீரகம் பழுதானால் எந்த ஆண்டிபயாடிக்கின் அளவைக் குறைக்க வேண்டும், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர் எதையெல்லாம் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. வார்டில் அரைமனதோடு நிற்கும் மருந்தாளர் மற்றவருக்கும் ஆபத்து. அவளுக்கு நோயாளியோடு பேசப் பிடிக்குமா என்று யாராவது கேட்டீர்களா? உங்கள் மூன்று பக்கக் கடிதத்தில் அது எங்கும் இல்லை. பட்டயப் படிப்பில் மருத்துவமனை மருந்தகத்திலோ கடையிலோ வேலைப் பயிற்சிக்குப் போயிருந்தால், அந்த நாட்கள் எப்படி இருந்தன என்று ஒரு மாலை நேரத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அப்பா அன்றைக்குக் கேட்க மட்டும் செய்யட்டும்.

பணம்

இங்கே இரண்டு தப்பான கணக்கு இருக்கிறது.

முதலாவது, 55 வயதில் மத்திய சேம நிதி முழுவதும் கைக்கு வரும் என்ற எண்ணம். வராது. 55ஆம் வயதில் ஓய்வுக்காலக் கணக்கு தொடங்கி, முழு ஓய்வுக்காலத் தொகை வரை அதற்குள் போய்விடும். 2026இல் 55ஐ எட்டுபவர்களுக்கு அந்தத் தொகை 220,400 வெள்ளி. அதற்கு மேல் இருப்பதை எடுக்கலாம். இல்லாவிட்டால் 5,000 வெள்ளி. வீட்டை ஈடாகக் காட்டினால் கணக்கு சற்று மாறும். உங்கள் கணவரின் கணக்கில் உண்மையில் எவ்வளவு எடுக்க முடியும் என்பதைச் சிங்பாஸ் வழி உள்ளே போய்ப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கடிதம் எழுதுவதற்கு முன்பே பார்த்திருக்கலாம் என்று செல்லமாகக் கடிந்துகொள்கிறேன்.

இரண்டாவது, சேம நிதியின் கல்விக் கடன் வெளிநாட்டுக்கும் செல்லும் என்ற நினைப்பு. செல்லாது. அது உள்ளூரில் அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிலையங்களின் மானியம் பெறும் முழுநேரப் படிப்புகளுக்குத்தான். அந்தக் கடனில் சேம நிதியில் உள்ள சாதாரணக் கணக்கின் 40 விழுக்காடு வரை எடுக்கலாம். படித்து முடித்து ஓராண்டுக்குப் பிறகு மகள் வட்டியோடு கணவரின் கணக்கில் திருப்பிக் கட்ட வேண்டும். ஆகவே என்யுஎஸ் என்றால் இந்த வழி உண்டு, குடிமகளுக்குக் கல்வி அமைச்சின் கட்டண மானியமும் உண்டு. பிரிட்டன் என்றால் வங்கிக் கடன், அல்லது சேமிப்பு. இளையவன் இன்னும் உயர்நிலைப் பள்ளியில் இருக்கிறான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

மகளுக்கு உண்மையிலேயே மருந்தாளராகும் விருப்பம் இருந்தால், எம்ஓஎச் ஹோல்டிங்ஸ் வழங்கும் சுகாதாரத் துறை உபகாரச் சம்பளங்களில் மருந்தாளர் படிப்பும் இருக்கிறது. படித்து முடித்து ஒப்பந்தப்படி சில ஆண்டு வேலை பார்க்க வேண்டும். அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள்; விட்டுவிட்டு வர நினைத்தால் பெருந்தொகை கட்ட வேண்டிவரும்.

அந்த 18 வெள்ளி டப்பா

சகோதரி, பிரிட்டனைவிட எனக்கு அவசரமாகத் தெரிவது இதுதான். நீங்கள் பெருமையோடு எழுதிய செய்தியைப் படித்ததும் நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். விற்பனையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

சிங்கப்பூரில் 2008 ஜனவரி 1 முதல் ஆசியான் அழகுசாதன விதிமுறை நடப்பில் உள்ளது. எந்த அழகுசாதனப் பொருளையும் சந்தைக்குக் கொண்டுவருபவர், விற்பதற்கு முன்பே சுகாதார அறிவியல் ஆணையத்திடம் அறிவிக்க வேண்டும். கடையில் விற்றாலும் அதேதான், இன்ஸ்டகிராமில் விற்றாலும் அதேதான். ‘வீட்டில் செய்தது’, ‘இயற்கையானது’ என்பவை விதிவிலக்கு அல்ல. அறிவித்தால் போதுமா என்றால் அதுவும் இல்லை: என்னென்ன சேர்த்தோம், எவ்வளவு சேர்த்தோம், பாதுகாப்பு மதிப்பீடு யார் செய்தார்கள் என்ற கோப்பு கையில் இருக்க வேண்டும், ஆணையம் கேட்டால் காட்ட வேண்டும். அறிவித்துவிட்டதால் ‘ஆணையம் ஒப்புதல் அளித்தது’ என்று எழுதவும் கூடாது. அது அறிவிப்பு மட்டுமே.

லேபிளின் படத்தையும் அனுப்பியிருக்கிறீர்கள். ‘எக்ஸிமா போகும், 7 நாளில் நிறம் கூடும், பதப்படுத்தும் பொருள் இல்லை, வைட்டமின் ஈ மட்டும்’ என்று இருக்கிறது. எக்ஸிமா ஒரு நோய். நோயைக் குணமாக்கும் என்று சொன்ன நிமிடமே அது அழகுசாதனம் என்ற வரையறையைத் தாண்டி மருந்தின் சட்டத்துக்குள் போய்விடுகிறது. நிறம் கூடும் என்ற வரியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. 1975இல் இந்தியாவில் வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’யே 2020இல் பெயரை ‘குளோ அண்ட் லவ்லி’ என்று மாற்றிக்கொண்டது. சித்தியின் முகத்தைப் பார்த்து இந்தத் துறைக்கு வர நினைக்கும் பெண்ணின் டப்பாவில் அந்த வரி எப்படி வந்தது? அவளிடமே கேளுங்கள், அவளே அழித்துவிடுவாள்.

இவை சட்டம். அதைவிடப் பெரியது கிருமி. கற்றாழைச் சோறு பெரும்பாலும் தண்ணீர். தண்ணீரும் செடியின் சர்க்கரையும் சேர்ந்த இடத்தில், நம் ஊர்ப் புழுக்கத்தில், கிருமிக்கும் பூஞ்சைக்கும் கல்யாண விருந்து. வைட்டமின் ஈ கிருமியைத் தடுக்காது. எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் காப்பதுதான் அதன் வேலை. இந்தக் குழப்பம் வீட்டில் கிரீம் செய்யும் பலருக்கும் இருக்கிறது. கிரீம் கெட்டுப்போனது கண்ணுக்குத் தெரியும் முன்பே கிருமி லட்சக்கணக்கில் பெருகியிருக்கும். எக்ஸிமா உள்ளவரின் தோலில் வெடிப்பு இருக்கும். அங்கே அதைப் பூசுகிறார்கள்.

“பாட்டி காலத்தில் பதப்படுத்தும் பொருளா போட்டார்கள்?” என்று உங்கள் கணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. பாட்டி செய்தது நலங்கு மாவு. பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ எல்லாம் வெயிலில் காய்ந்து, அரைபட்டு, ஈரமில்லாமல் டின்னில் இருந்தது. குளிக்கும்போது தேவையான அளவு எடுத்து, தண்ணீரில் குழைத்து, மீதியைக் கொட்டிவிட்டார். ஈரம் இல்லாத இடத்தில் கிருமி வளராது. பாட்டிக்குப் பதப்படுத்தும் பொருள் தேவைப்படவில்லை. தண்ணீரை டப்பாவுக்குள் அடைத்து மூன்று மாதம் வைக்கும்போதுதான் ஃபினாக்ஸிஎத்தனால் மாதிரி ஒன்று தேவைப்படுகிறது, அதுவும் 1 விழுக்காட்டைத் தாண்டாமல்.

விற்பதை நிறுத்தட்டும், செய்வதை நிறுத்த வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் எதை எத்தனை கிராம் போட்டாள், எந்தச் சூட்டில் கலந்தாள், அமிலத்தன்மை எவ்வளவு என்று எழுதட்டும். ஒரு டப்பாவைக் குளிர்பெட்டியிலும் ஒன்றை ஜன்னல் ஓரத்திலும் வைத்து வாரம் ஒரு படம் எடுக்கட்டும். எது, எப்போது, ஏன் கெட்டது என்று அதில் நேர்மையாக எழுதியிருந்தால், நேர்முகத் தேர்வில் நான் அந்த நோட்டைத்தான் முதலில் புரட்டுவேன். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு, திறந்த டப்பாவைத் தூக்கிப் போடும்படி ஒரு செய்தி அனுப்பட்டும். காசைத் திருப்பிக் கொடுத்தால் இன்னும் நல்லது. 60 டப்பாவுக்கு 1,080 வெள்ளி. வலிக்கும், ஆனால் இந்தத் தொழிலில் தப்பான பொருளைத் திரும்பப் பெறுவதும் ஒரு பாடம்தான்.

நானாக இருந்தால்

என்யுஎஸ் பதிலுக்குக் காத்திருப்பேன். மருந்து அறிவியலில் இடம் கிடைத்தால் அதில் சேர்ப்பேன். மருந்தை எப்படி வடிவமைப்பது, அது உடலில் என்ன ஆகிறது, எப்படிச் சோதிப்பது என்ற அடித்தளம் அங்கே கிடைக்கும். அழகுசாதனத்துக்கென்று தனியாகத் தேவைப்படுவதை, 1948இல் தொடங்கிய பிரிட்டிஷ் அழகுசாதன அறிவியலாளர் சங்கம் நடத்தும் தொலைநிலைப் பட்டயப் படிப்பில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். அதற்கு 180,000 வெள்ளி ஆகாது. மருந்தாளர் படிப்பில் இடம் கிடைத்தால் முடிவு அவளுடையது. நீங்களும் கணவரும் கருத்துச் சொல்லலாம், வாக்கு அவளுக்கு மட்டும்.

இரண்டிலும் இடம் கிடைக்காவிட்டால்? சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகத்தின் மருந்துப் பொறியியல் இருக்கிறது, வேதியியல் பட்டங்கள் இருக்கின்றன. அல்லது பட்டயத்தோடு ஓராண்டு ஆய்வகத்திலோ மருந்தகத்திலோ வேலை பார்க்கட்டும். 20 வயதில் ஓராண்டு ஒன்றும் நஷ்டமில்லை. அதன் பிறகும் அவளுக்குப் பிரிட்டன்தான் வேண்டும் என்றால், படிப்பின் நடுவே ஓராண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கும் வாய்ப்பு உள்ள படிப்பாகத் தேர்ந்தெடுங்கள். அந்த ஓராண்டை எந்த நிறுவனங்களில் மாணவர்கள் செய்தார்கள், அதில் வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேர் என்று பல்கலைக்கழகத்திடமே கேளுங்கள். படித்து முடித்ததும் அங்கேயே வேலை கிடைத்துத் தங்கிவிடலாம் என்ற கணக்கை மட்டும் போடாதீர்கள். விசா விதிகள் அங்கே ஆட்சிக்கு ஒரு முறை மாறுகின்றன.

முன்பணம் கட்டும் நாள் என்யுஎஸ் பதிலுக்கு முன்பே வந்துவிட்டால், தேதியைத் தள்ளித் தரும்படி பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்துக்கு மகள் நேரடியாக மின்னஞ்சல் அனுப்பட்டும், முகவர் வழியாக வேண்டாம். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், எந்த நிலையில் பணம் திரும்ப வரும் என்ற பகுதியை முதலில் படியுங்கள்.

இனி அந்தப் பின்குறிப்பு. நாத்தனாரின் ஐந்து மாதக் குழந்தைக்கு நேப்கின் பட்ட இடம் சிவந்திருக்கிறது, மகளின் கிரீமைத் தடவலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஏற்கெனவே தடவியிருந்தால் இளவெந்நீரில் மெதுவாகக் கழுவி, ஒற்றித் துடைத்து, சற்று நேரம் காற்றாட விடுங்கள். மருந்தகத்தில் துத்தநாக ஆக்சைடு களிம்பு கேட்டால் கிடைக்கும். இரண்டு மூன்று நாளில் சிவப்பு குறையாவிட்டாலோ, கொப்புளமோ சீழோ தெரிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, அன்றைக்கே பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். அந்த டப்பாவையும் கையோடு எடுத்துப் போகட்டும். அதில் என்னென்ன இருக்கிறது என்று மருத்துவர் கேட்பார்.